பெறுநர் வரிசையில் நாற்பத்து மூன்று பேர்

தேனி மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனாலும் கம்பத்திலிருந்து பெரியகுளம் வரைக்கும் எடுத்துக்கொண்டால், பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே நாற்பத்து மூன்று. பெற்றவர்கள் திராட்சை, வாழை, தென்னை, பூண்டு மண்டி என்று இங்கே இருக்கிறோம். பிள்ளைகள் எந்தக் கடலில் இருக்கிறார்கள் என்பதை மேப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். என் மகன் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறான். நான் சின்னமனூரில் இருக்கிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள்.

இந்த நாற்பத்து மூன்று வீட்டையும் சேர்த்து ஒரு குழு. ஒரு முறை எங்கோ ஒரு கப்பலில் தீ என்று டிவியில் ஓடியது. கப்பலின் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. அன்று முழுக்க ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு அழுது தீர்த்தோம். எங்கள் பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. அழுது முடித்த பிறகு ஒரு கூட்டம் போட்டோம். யார் பிள்ளை எந்தத் துறைமுகத்தில் என்று வாரம் ஒரு கடிதம் எல்லோருக்கும் போக வேண்டும் என்று முடிவானது. டைப் அடிக்கத் தெரிந்தவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நானும் மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னை எதற்கும் தேடுவதில்லை என்ற கடுப்பு எனக்கு இருந்தது.

வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது பல கப்பல்களில் அது கிடைக்கிறது. நான் சொல்லும் சமயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நடுக்கடலில் கப்பலின் மெயில் ஒன்றுதான் வழி. கம்பெனியிலிருந்து வருவதும் மெயில்தான். அதனால் திராட்சைக்குக் கவாத்து பண்ணுகிறவரும் பூண்டுக்கு விலை பேசுகிறவரும் மெயில் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு வந்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிற பிள்ளையிடம் இன்னொரு வீட்டு ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தனுப்புவதுகூட அந்தக் கடிதம் வழியாகத்தான் நடந்தது.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் மேலே இருக்கும் 'டூ' கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே நாற்பத்து மூன்று பெயரும் மெயில் முகவரியும் வரிசையாக நிற்கும். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்பது அப்புறம். தன் பெயர் எங்கே இருக்கிறது, தனக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முதலில். வரிசை மாறிய குற்றத்துக்காகத் தாய்மாமன் மண்டபத்து வாசலோடு திரும்பிப் போன கல்யாணங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் மெயிலையும் பார்த்தார்கள். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. பள்ளிக்கூடச் சுற்றறிக்கையில் பெறுநர், நகல் என்று ஒருவர் விடாமல் அடித்துப் பழகிய கை இது.

வரிசையில் பதினேழாவது ஆள் வடுகபட்டிக்காரர். பூண்டு மண்டி வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணே என்றும் அவர் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டுக்கொள்வோம், சொந்தம் ஒன்றுமில்லை. தான் ஒன்பதாவதாக வர வேண்டிய ஆள் என்று அவருக்கு ஒரு குறை. "கூட்டத்துக்கு மொத மொத வந்த ஒன்பது பேருல நானும் ஒருத்தன் தங்கச்சி. எனக்கு அப்புறமா வந்தவுகளெல்லாம் மேல நிக்கிறாக" என்று மூன்று தடவை போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். ஒன்பதில் இருப்பவரைக் கீழே இறக்க எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் குழுவில் மகளைக் கப்பலுக்கு அனுப்பியவர் அவர் ஒருவர்தான். அனுப்பினார் என்பதும் சரியில்லை, அவள் போய்விட்டாள். கெங்குவார்பட்டியில் ஒரு மாப்பிள்ளையை அவர் பேசி முடிக்கப் போன வாரத்தில், அவள் கப்பல் படிப்புக்குச் சேர்க்கைக் கடிதத்தோடு வந்து நின்றாளாம். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. துறைமுகத்திலிருந்து அவள் போன் பண்ணினால் எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் சனிக்கிழமை தோறும் அவர் மெயில் முகவரிக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வரும். 'அப்பா' என்றுதான் ஆரம்பிக்கும். மனைவிக்காகப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு சத்தமாகப் படிப்பார். ஒரு தடவையும் பதில் எழுதியதில்லை. இதையெல்லாம் அவர் மனைவிதான் என்னிடம் சொன்னார். "எழுதாட்டியும் வாரம் ஒண்ணு வந்துருது மதினி. அது வந்தாத்தான் அவுக ராத்திரி ஒழுங்காச் சாப்பிடுறாக" என்றார். என்னைவிட மூத்தவரில்லை என்றாலும் அவரை நானும் மதினி என்றே கூப்பிடுவேன்.

என் மகன் ஒரு விடுமுறையில் என் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா, இத்தனை பேரு அட்ரஸையும் இப்படித் தெறந்து போட்டிருக்கே. இதுல ஒருத்தரு யாருக்காவது தள்ளிவிட்டா நாப்பத்து மூணும் ஊர் மேயப் போயிரும். கண்ட கழுதையும் மெயில் அனுப்புவான், வைரஸ் அனுப்புவான்" என்றான். பிசிசி என்று இன்னொரு கட்டம் இருப்பதைக் காட்டினான். அதில் முகவரிகளைப் போட்டால் கடிதம் எல்லோருக்கும் போகும், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது.

நல்ல யோசனைதான். அடுத்த வாரமே அப்படி அனுப்பினேன். காலை ஏழு மணியிலிருந்து போன் அடித்தது. முதலில் கூப்பிட்டவர் கம்பத்துத் திராட்சைக்காரர். "என்னம்மா இது, பேரு ஊரு இல்லாம மொட்டைக் கடுதாசி மாதிரி வந்துருக்கு?" என்றார். இன்னொருவர் தன்னைக் குழுவை விட்டு நீக்கிவிட்டதாக நினைத்துக் கோபத்தில் கத்தினார். வேறொருவர், தனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருப்பதாக நினைத்து, அப்படி என்ன ரகசியம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வடுகபட்டிக்காரரும் கூப்பிட்டார். "பதினேழாவதா நின்னதே பெருசுன்னு ஆக்கிட்டீகளே தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பழையபடியே போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு ஆசைப்படுகிறீர்களா, உலகமே பார்க்கட்டும் என்று, காசில்லாமல் கிடைக்கும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, குழுவின் பெயரை மேலே போட்டு, நாற்பத்து மூன்று பெயரையும் ஊரையும் மெயில் முகவரியையும் அழகாகக் கட்டம் கட்டி ஏற்றினேன். கீழே 'தொடர்புக்கு' என்று என் முகவரி. வீம்புக்குச் செய்ததுதான், ஆனால் எல்லோருக்கும் பரம சந்தோஷம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக் காட்டினார்கள். என்னைப் பாராட்டி ஒருவர் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

இணையத்தில் மெயில் முகவரி பொறுக்குவதற்கென்றே புரோகிராம்கள் அலைகின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் குப்பை வர ஆரம்பித்தது. லாட்டரியில் பரிசு, முடி வளர மருந்து, யாரென்றே தெரியாத வெள்ளைக்காரியின் சொத்து. உத்தமபாளையத்தில் ஒருவர் அந்தச் சொத்துக்கு உண்மையிலேயே பதில் எழுதிவிட்டு, என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். குப்பையை அழித்துவிடுங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பினேன். அதையும் டூ கட்டத்தில் போட்டே அனுப்பினேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ராயப்பன்பட்டி டீச்சர் போன் பண்ணினார். அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மகன் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, பத்திரிகைய மெயில்ல அனுப்புற அளவுக்கு நாங்க அந்நியமாப் போயிட்டோமா? ராயப்பன்பட்டி என்ன அமெரிக்காவுலயா இருக்கு? பஸ் ஏறுனா அரை மணி நேரம்."

"என்ன பத்திரிகை டீச்சர்?"

"ஒம் மகன் கல்யாணப் பத்திரிகைதான். ஒம் பேருல வந்துருக்கு. நான் தொறக்கவே இல்ல. நேர்ல வந்து வைக்காத பத்திரிகைய நான் எதுக்குத் தொறக்கணும்?"

என் மகனுக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணம் பேசினால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொல்கிறவன். அவன் அன்று ஏதோ ஒரு கடலில் இருந்தான். நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எனக்கே என் பெயரில் ஒரு மெயில் வந்திருந்தது. வெட்டிங் இன்விடேஷன் என்று தலைப்பு, அவசியம் வாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே ஒரு ஃபைல். வலைப்பக்கத்தில் கிடந்த என் முகவரியை எவனோ பொறுக்கி, என் பெயரிலேயே எல்லோருக்கும் வைரஸ் அனுப்பியிருக்கிறான் என்று புரிந்தது.

யாரும் அதைத் திறக்கக் கூடாது என்று உடனே சொல்ல வேண்டும். மெயிலில் சொன்னால் நம்ப மாட்டார்கள், என் பெயரில் வருவதுதானே இப்போது வம்பு. ஆகவே போன். இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து வரிசைப்படி கூப்பிட்டேன். யாருக்கு முதலில் சொன்னாய், எனக்கு ஏன் கடைசியில் சொன்னாய் என்று நாளைக்கு ஒரு பஞ்சாயத்து வரக் கூடாது என்று அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. ஒவ்வொருவரும் சும்மா வைக்கவில்லை. பெண் எந்த ஊர் என்று கேட்டார்கள், கல்யாணம் இல்லை என்றதும் வருத்தப்பட்டார்கள், எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள் என்றார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

பதினேழாவது ஆளிடம் நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. "இப்பத்தான் தங்கச்சி, பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தொறந்தேன், ஒண்ணும் வரல. ரெண்டு மூணு தடவ அமுக்கிப் பாத்தேன். கல்யாணம் என்னைக்கு?" என்றார்.

அவரை ஒன்பதில் போட்டிருந்தால் அந்த ஃபைலைத் திறந்திருக்க மாட்டார். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

குழுவில் பதினோரு பேர் திறந்திருந்தார்கள். திறந்தவர்கள் கம்ப்யூட்டரில் யார் யார் முகவரி இருந்ததோ அவர்களுக்கெல்லாம் அந்தப் பத்திரிகை அவரவர் பெயரில் போய்விட்டது. ஒரு வாரம் முழுக்க தேனியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாஸ்வேர்டு மாற்றினோம், சிலரது கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டோம். வலைப்பக்கத்தை முதல் நாளே அழித்துவிட்டேன். அழித்து என்ன பிரயோஜனம், பொறுக்கியவன் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் ஓரளவு அடங்கியது என்று நினைத்தபோது வடுகபட்டியிலிருந்து போன் வந்தது. மதினிதான் பேசினார்.

"ரெண்டு சனிக்கெழம ஆச்சு. பிள்ளைகிட்ட இருந்து கடுதாசி வரல. இவுக கேட்டாக் கேட்டதுக்குப் பதில் சொல்லாம மண்டியிலயே உக்காந்துருக்காக. நீங்க ஒரு எட்டு வாங்க."

அன்றைக்கே பஸ் ஏறினேன். மண்டிக்குள் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர். மெக்கானிக் துடைத்துப் போட்டதற்கு அப்புறமும் மெயில் பெட்டியில் அனுப்பியவை என்ற பகுதியில் பழையது எல்லாம் இருந்தது. அங்கே பார்த்தேன். பூண்டு வியாபாரிகள், லாரி ஆபீஸ், ஆடிட்டர் என்று எல்லோருக்கும் அவர் பெயரில் பத்திரிகை போயிருந்தது. அந்த வரிசையின் நடுவில் மகளின் கப்பல் முகவரி.

படித்துச் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை எழுதாத அப்பாவிடமிருந்து மகளுக்குப் போன முதல் மெயிலே கல்யாணப் பத்திரிகை.

"எனக்குத் தெரியாம எங்கப்பன் பத்திரிகையே அடிச்சிட்டான்னு நெனச்சிருப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "நெனைக்காம என்ன செய்வா. நான் அப்படிப்பட்ட ஆளுதானே" என்றார்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் குடும்பத்தாருக்கென்று ஒரு போன் நம்பர் உண்டு. அங்கே இருந்தே கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள், மரியாதையான பெண். அந்த முகவரியிலிருந்து வைரஸ் வந்ததால் கப்பலின் மெயிலில் அதைத் தடுத்துவிட்டார்கள், ஃபைலைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தலைப்பை மட்டும்தான் கப்பலில் காட்டியிருக்கிறார்கள் என்றாள். பிறகு தயங்கினாள். "அதுமட்டுமில்ல மேடம். அந்த முகவரியில இருந்து வர்ற எதுவும் தனக்கு வேண்டாம்னு அந்தப் பொண்ணே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவரும் கேட்டார். நான் முப்பத்தோரு வருட வேலையில் செய்த அத்தனை தப்பையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு வெட்கப்பட்டதில்லை. "என்னாலதான்ணே. நான்தான் எல்லார் அட்ரஸையும் தெறந்து போட்டேன்" என்றேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "பேரைப் போடு பேரைப் போடுன்னு கத்துனதுல நானும்தான இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெண் ஒரு வழி சொன்னாள். புது முகவரி ஒன்று ஆரம்பித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கடிதம், ஃபைல் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக, என் முகவரியிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதை அவர்கள் கப்பலுக்குக் காட்டுவார்கள். இது என் அப்பாதான், இந்த முகவரியை அனுமதிக்கலாம் என்று மகள் எழுதிக் கொடுத்தால் திறந்துவிடுவார்கள். இல்லை என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

புது முகவரியை அங்கேயே ஆரம்பித்தேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் கடிதம் நகரவில்லை. அவர் சொல்வார், நான் அடிப்பேன், அவர் வேண்டாம் என்பார், நான் அழிப்பேன். பத்திரிகையை நான் அனுப்பவில்லை என்று எழுதினோம். வைரஸ்காரனும் அதைத்தானே எழுதுவான் என்றேன். பிறந்த தேதியைப் போடலாம் என்றார். அது எந்தத் திருடனுக்கும் கிடைக்கும் என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சது ஏதாவது சொல்லுங்கண்ணே."

மதினி காபி கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வாசலைப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தார். நான் நிறுத்தாமல் அடித்தேன். எழுத்துத் தமிழாக மாற்ற விரல் துடித்தது, மாற்றவில்லை.

"ஆத்தா, நான் அப்பா. கல்யாணம் ஒண்ணும் பேசல. அது வைரஸு. நீ ஆறாப்பு படிக்கையில ஒனக்குத் தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழக்குனேன்ல. பொம்பளப் பிள்ளையக் கெணத்துப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீகன்னு ஒங்கம்மா சத்தியம் வாங்கியிருந்தா. லாரி டியூப்ப சாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தோம். நாலாம் நாளு டியூப்ப விட்டுட்டு நீயாக் கரையேறுன. தலை காயிற வரைக்கும் மோட்டார் ரூம்புல உக்காந்து பூண்டு உரிப்போம், கெணத்துத் தண்ணி வாசம் தெரியாம இருக்க. ஒங்கம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒனக்குத் தண்ணியக் காட்டுனதே நான்தான். அதுக்கப்பறம் போகாதன்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு. ஆனாலும் சொல்லிட்டேன். அப்பா."

கடைசி மூன்று வரியை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன். மதினி காபியோடு உள்ளே வந்தபோது கடிதம் போயிருந்தது.

பதில் வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அதற்கு நடுவில் குழுவை என் வீட்டில் கூட்டினேன். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். வடை தீர்ந்ததும் பிசிசி பேச்சை மறுபடி எடுத்தேன். இவ்வளவு பட்ட பிறகும் ஒருவர், பேரே இல்லாமல் எப்படி, என்று இழுத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராயப்பன்பட்டி டீச்சர் எழுந்தார்.

"பத்திரிகையில பேரத்தானய்யா போடுறோம். கதவு நம்பரயும் பூட்டுச் சாவி எங்க கெடக்குன்னுமா போடுறோம்? பேரு வேற, அட்ரஸு வேற" என்றார்.

அன்றிலிருந்து முகவரி எல்லாம் பிசிசி கட்டத்தில் போகிறது. கடிதத்தின் ஆரம்பத்தில் நாற்பத்து மூன்று பெயரும் ஊரும் மட்டும், வந்து சேர்ந்த வரிசைப்படி. முதல் கூட்டத்தில் பெயர் எழுதிய பழைய நோட்டைப் பார்த்து வடுகபட்டிக்காரரை ஒன்பதில் போட்டேன். ஒன்பதில் இருந்தவர் பதினேழுக்குப் போனார், இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, பரவாயில்லை. குழுக் கடிதத்தை வெளியாருக்கு அனுப்புவதாக இருந்தால் அதில் யார் முகவரியும் இல்லாமல் அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஃபைல் எதுவும் குழுவில் போகாது. போக வேண்டியிருந்தால் முதலில் போன் வரும். கல்யாணப் பத்திரிகை மெயிலில் வந்தால் திறக்கவே கூடாது, நம் ஆள் என்றால் நேரில் வந்து வைப்பான். இந்தக் கடைசி விதியை டீச்சர்தான் சொன்னார், யாருக்கும் அதை எழுதி வைத்துக்கொள்ளக்கூடத் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் சென்னை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. உறுதி செய்யப்பட்டது, புது முகவரியை அனுமதித்திருக்கிறோம் என்று மேலே ஒரு வரி. கீழே மகளின் கடிதம். நான் முழுதும் படிக்கவில்லை, உடனே வடுகபட்டிக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "படி தங்கச்சி" என்றார். மதினி பக்கத்தில் இருப்பது பாத்திரச் சத்தத்தில் தெரிந்தது. சத்தம் நின்றது.

படித்தேன். "ஆமா, இது எங்க அப்பாதான். அப்பா, பத்திரிகைன்னு பாத்ததும் ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. நான் எழுதுனத எல்லாம் நீங்க படிக்கிறதே இல்லைன்னு நெனச்சேன்."

அடுத்த வரியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மதினி கேட்டுக்கொண்டிருக்கிறாரே, இதை எப்படிப் படிப்பது என்று யோசித்தேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. படித்தேன்.

"கெணத்துக் கதை அம்மாவுக்கு மொத நாளே தெரியும்ப்பா. தலை துவட்டி விட்டதே அம்மாதான். அப்பாகிட்ட சொல்லாத, தெரிஞ்சாக் கூட்டிட்டுப் போறத நிறுத்திருவாகன்னு அம்மாதான் சொல்லுச்சு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பிறகு மதினியின் குரல், எப்போதும் போல.

"மேல படிங்க மதினி."

அதற்கு மேல் ஒரு வரிதான் இருந்தது. கிணற்றில் இப்போது தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

"கெடக்குன்னு எழுது தங்கச்சி" என்றார் அவர். "நெறையக் கெடக்குன்னு எழுது."

"நீங்களே எழுதுங்கண்ணே. இனிமே உங்க அட்ரஸ் போகும்" என்றேன்.

அன்று மத்தியானம் மண்டிக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாராம். மதினி சொன்னார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் பெறுநர் ஒரே ஒருவர்.